நூறு கிராமும் இல்லாத சாமான்

மேல் டிவிசன்,
அப்புத்தளை.
06.06.2004

தயானிக்கு மதினி ரெங்கம்மா எழுதிக்கிறது.

மானக்கேடான விசயத்த மொதல்லயே சொல்லிப்புடுறேன். கடைசில சொல்லலாம்னு வச்சா தைரியம் போயிரும். எனக்குக் கை வலி. வலது கை. மணிக்கட்டுல ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும், சூடு காட்டின கம்பிய யாரோ உள்ள சொருகி வச்ச மாதிரி இருக்கு. தேத்தண்ணிக் கோப்பையத் தூக்க முடியல. இது கொழுந்து பறிச்சு வந்த வலி இல்ல. கம்பியூட்டர் மவுஸப் பிடிச்சு வந்த வலி.

சிரிச்சு முடிச்சிட்டியா? இன்னுங் கொஞ்சம் சிரிச்சுக்க. நான் இருக்கேன்.

கதை இப்படித்தான். தோட்டத்துல இருக்கிற எல்லார் பேரையும் ஆபீசுல கம்பியூட்டர்ல ஏத்துறாங்க. பெரிய கிளாக்கர் விஜேந்திரன் ஐயா வேற தோட்டத்துலேருந்து மாறி வந்தவரு, பென்சனுக்கு ரெண்டு வருசந்தான் பாக்கி. அவருக்கு எங்க சனத்துல யாரு எவருன்னு தெரியாது. முத்தம்மான்னு பேர் இருந்தா எட்டு முத்தம்மா இருக்கு. ஆக, எல்லார் குடும்பத்தையும் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்னு கங்காணிகிட்ட கேட்டிருக்காரு. கங்காணி யோசிக்கவே இல்ல. "ஊர் வாயி ரெங்கம்மாதான் இருக்காளே"ன்னு அனுப்பிட்டாரு.

ஐயா எழுத்துப் பலகைய ரெண்டு கையாலயும் தட்டுவாரு. மவுஸ் என் கையில. ஒரு பேர் வந்தா பக்கத்துல மூணு கட்டம் வரும். மொத கட்டம், ஆள் இருக்காரு. ரெண்டாவது, வேற தோட்டம் போயிட்டாரு. மூணாவது, செத்துப் போயிட்டாரு. எது சரியோ அதுல கொண்டுபோயி ஒரு அமுக்கு. இங்கிலீசு தெரிய வேண்டியதில்ல, ஊர் வம்பு தெரிஞ்சாப் போதும். மூணு வாரம் ராணி மாதிரி உக்காந்திருந்தேன். நாலாவது வாரம் கை வீங்கிப்போச்சு.

இப்பச் சொல்றேன். போன மாசம் பேரப்புள்ளைக்குக் காது குத்தின அன்னிக்கு நீ மணிக்கட்டுல கட்டுப் போட்டுட்டு வந்தியா, நான் சவுக்காரக் கட்டிய எடுத்துப் பாயில அங்கயும் இங்கயும் இழுத்து, "ஐயோ, என் கை போச்சே, இந்த மவுஸு என்னைக் கொல்லுதே"ன்னு கத்தினேனா, மொத்தச் சனமும் உருண்டு உருண்டு சிரிச்சுச்சா, நீ எலையப் பாதில மூடிட்டு பஸ்ஸுக்குப் போனியா, அந்தச் சவுக்காரம் எனக்கு இப்ப ஞாபகம் வருது. துணி தோய்க்கிறப்பல்லாம் வருது.

உங்கண்ணன் கணபதி என்னோட மூணு நாள் பேசல. நாங்க குடியிருக்கிற ஒத்தக் காம்பரா அமைதியா இருந்துச்சு. அதுக்கு ஒரு தேங்ஸு.

டாக்டரு ஒனக்கு என்ன சொன்னாரு? எழுது. கோபத்தோடயாவது எழுது.

ரெங்கம்மா


பதுளை.
11.06.2004

மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை.

நீங்கள் சவுக்காரத்தை இழுத்துக் காட்டியதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. அன்றைக்கு என்னோடு றமீலா வந்திருந்தாள் அல்லவா, என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவள். அவள் கெட்ட பிள்ளை இல்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் அதைச் சொல்லிச் சிரித்தாள், நடித்தும் காட்டினாள். பின்னால் குமாரசிங்கம் ஐயா நின்றார். எங்கள் கந்தோரில் அத்தனை மேசைக்கும் பொறுப்பானவர். அவருக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உமக்குக் கை நோகுது எண்டு நீர் சொல்லுறீர். உம்மட மதினியே அது நடிப்பு எண்டு ஊருக்கு முன்னால சொல்லியிருக்கிறா. வீட்டு ஆக்கள் நம்பாததை நான் எப்பிடி நம்புறது?" என்றார். மவுஸை இரண்டு விரலால் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "உது நூறு கிராமும் இல்லை. உதை அசைக்கவோ கை நோகுது?"

என் வீட்டு ஆளே சாட்சி சொல்லிவிட்டாள், எனக்கு எதிராக.

ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது படிவம் கம்பியூட்டரில் பதிய வேண்டும். கை நன்றாக இருந்தபோது அதற்கு மேலும் செய்தவள் நான். இப்போது நூற்றைம்பதைத் தாண்டவில்லை. இந்த மாத முடிவுக்குள் பழைய அளவு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம். தட்டச்சு மெஷின் காலத்திலிருந்து பதினொரு வருசம் இங்கே இருக்கிறேன். மகள் கேசினியை இந்த ஒரு கையை வைத்துத்தான் வளர்க்கிறேன், அவளுடைய அப்பா போனதிலிருந்து. உங்களுக்கு அது ஐந்து நிமிசச் சிரிப்பு.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், அன்பினால் அல்ல. ஆஸ்பத்திரியில் சொன்னது இதுதான். மவுஸை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, கோழிக் குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். மணிக்கட்டை மேலேயோ பக்கத்திலேயோ மடிக்காமல் கையோடு நேராக வைக்க வேண்டும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விரலால் இழுக்காமல் முழங்கையிலிருந்து முழுக் கையையும் அசைக்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மவுஸ் எட்டத்தில் இருக்கக் கூடாது. அமுக்குவதற்குப் பலம் வேண்டாம், தொட்டால் போதும். அரை மணிக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதற வேண்டும். முடிந்தால் இடது கைக்கும் பழக வேண்டும்.

நான் இடது கைக்குப் பழகவில்லை. பழகினால் அதையும் நடிப்பு என்பார்கள். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த காகிதத்தை ஐயாவிடம் காட்டினேன். "உது வெள்ளைக்காரற்ற நாட்டுக்குச் சரி" என்று மடித்துத் திருப்பித் தந்தார்.

உங்கள் கை குணமாகட்டும்.

தயானி


மேல் டிவிசன்.
15.06.2004

ஏ தயானி,

ஒன் கடுதாசிய பெரட்டுல வச்சுத்தான் குடுத்தாங்க. காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், அத்தனை பேரும் நிக்கிறாங்க, அங்கயே பிரிச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். படிச்சு முடிக்கிறதுக்குள்ள பெரட்டு கலைஞ்சு போச்சு. சாட்சியா? நானா? நான் ஒரு கூத்துக் கட்டினா அத எடுத்துட்டுப் போயி அந்தாளு கோர்ட்டு கச்சேரில வைக்கிறாராமா?

நூறு கிராமும் இல்லையாமே! அந்த ஐயாவ நம்ம மலைக்கு ஒரு நாள் அனுப்பு. ரெண்டு எலை ஒரு மொட்டு என்ன கனம் இருக்கும்? ஊதினா பறக்கும். அத ஒண்ணு ஒண்ணா ஒடிச்சு ஒடிச்சுத்தான் நம்ம லயத்து வரிசைல கடைசிக் காம்பரா இராக்கம்மாவுக்கு வெரல் மடங்காமப் போச்சு. இப்ப தலை வார ஆள் வேணும் அவளுக்கு. கனத்துல என்ன இருக்கு? அதே அசைவ அதே எடத்துல ஆயிரந் தடவ செஞ்சா, தலையணைப் பஞ்சும் கைய ஒடிச்சுரும். இது தெரியாதவரு எப்படி ஆபீசு நடத்துறாரு?

நீ எழுதினத எல்லாம் ஒவ்வொண்ணா செஞ்சு பாத்தேன். கோபமா எழுதினாலும் நல்லாத்தான் எழுதியிருக்க. நான் மவுஸப் பிடிச்ச பிடிய நீ பாக்கணுமே, ஓடிப் போற ஆட்டுக்குட்டியப் பிடிக்கிற மாதிரி. அமுக்கினது முத்தின தண்ட ஒடிக்கிற மாதிரி. பெரிய கிளாக்கர் ஐயா மேசைய அசையாமப் பிடிச்சுக்குவாருன்னா பாத்துக்க. கோழிக்குஞ்சுன்னு நீ எழுதின பெறகுதான் புத்தி வந்துச்சு. வீக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கு.

இப்ப நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன், கேளு. கொழுந்து பறிக்கிறப்ப செடி மேல குறுக்க போடுவோமே மட்டக் கம்பு, அதுக்கு மேல நிக்கிறதத்தான் பறிக்கணும், கீழ கை போகக் கூடாதுன்னு. அந்தக் கம்ப ஆபீசுக்குக் கொண்டு போனேன். உக்காந்துகிட்டு கைய சும்மா தொங்கவிட்டு முழங்கைய மடக்கினேன். கம்போட ஒரு முனைய முழங்கைக்கு அடில வச்சு மறு முனைய மேசை மேல போட்டேன். கம்பு மலை ஏறுது! மேசை என் முழங்கைக்கு மேல ஒரு சாண் ஒசரம், நான் உக்காந்திருந்தது பதிஞ்ச பலக வாங்கு. தோள்பட்டையத் தூக்கிக்கிட்டே மூணு வாரம் இருந்திருக்கேன். வாங்குல நாலா மடிச்ச படங்குச் சாக்கு ரெண்டப் போட்டு ஏறி உக்காந்தேன், காலுக்கு அடில பழைய தேயிலைப் பெட்டி ஒண்ணு. கம்பு மட்டமாச்சு. தோளு எறங்கிருச்சு. நீயும் வச்சுப் பாரு. கம்பு இல்லாட்டி கோடு போடுற அடிமட்டம் வச்சுப் பாரு.

இன்னொண்ணு. இத எழுதணுமான்னு யோசிச்சேன். இருபத்தெட்டு வருசம் கொழுந்து பறிச்சேனே, என் கை ஒரு நாளும் வலிக்கலன்னா நெனக்கிற? டிஸ்பென்சரிக்குப் போனா ஒரு பொட்டு எண்ணெயத் தடவி "போ, மலைக்குப் போ"ன்னுதான் சொல்லுவாங்க. மத்தியானத்தோட வந்துட்டா அரைப் பேருதான் விழும், பாதிச் சம்பளம். என் கைக்கு யாரும் கட்டுப் போடல. நீ வெள்ளைக் கட்டோட வந்து நின்னப்ப, எனக்குச் சிரிப்பு வந்துச்சுன்னு நெனச்சேன். சிரிப்பு இல்ல போல அது.

நான் வந்து அந்த ஐயாகிட்ட ரெண்டு வார்த்த பேசுறேன்.

ரெங்கம்மா


பதுளை.
18.06.2004

மதினிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். தயவுசெய்து வர வேண்டாம்.

அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. மேசை என் முழங்கைக்கு மேலே ஆறு அங்குலம். மவுஸ் இருப்பதோ பிரிண்டருக்கு அந்தப் பக்கம், கையை முழுக்க நீட்டினால்தான் எட்டும். கம்பியூட்டர் வந்த மூன்று வருசமாக அந்தரத்தில் கையை நீட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி. பிரிண்டரை நகர்த்தலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். வயர் காணாது, நீளம் போதாது என்றார். வயரை நான் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அவருடைய சொந்த மேசை பதிவாக, முழங்கை உயரத்தில் இருக்கிறது. நாற்காலிக்குக் கை இருக்கிறது, ஏற்றி இறக்கவும் முடியும். ஆனாலும் நீங்கள் வந்து சத்தம் போட்டால், இருக்கிற பன்னிரண்டு நாளும் போய்விடும். இன்றைக்கு நூற்று அறுபது படிவம். அதற்கே இரவில் கேசினிதான் கறிக்கு வெங்காயம் வெட்டுகிறாள்.

வந்தால் உங்களை யாரென்று தெரியாது என்பேன். உண்மையாகச் சொல்கிறேன்.

தயானி


மேல் டிவிசன்.
21.06.2004

நாத்தனாரம்மாவுக்கு,

சரி, ஒன் ஆபீசுக்கு நான் வரல. சத்தியம்.

புதன்கிழமை பதுளை ஆசுபத்திரில என் கையக் காட்டணும். போற வழில மழை பெஞ்சா எங்கயாவது ஒதுங்கணும். எங்க ஒதுங்குறதுன்னு மழைதான முடிவு பண்ணும்?

ரெங்கம்மா


பதுளை.
26.06.2004

மதினிக்கு,

புதன்கிழமை பதுளையில் ஒரு துளி மழை இல்லை. வெயில் கல்லைப் பிளந்தது.

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். ஒரு கந்தோருக்குள் கொழுந்துக் கூடையோடு யாராவது வருவார்களா? அதுவும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு? கையில் கம்பு வேறு. வாசலில் காவலுக்கு இருக்கும் நஸீர் நானா, யாரையோ அடிக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் வழி விட்டாராம். உங்களைத் தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் "ஏ புள்ள தயானி, மெலிஞ்சு போயிட்டியே" என்று கூப்பிட்டுவிட்டீர்கள். பதினொரு வருசம் மரியாதையாக இருந்த இடம்.

ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் சொன்னது. அதை நான் றமீலாவிடம் மூன்று தரம் திரும்பச் சொல்லிக் கேட்டேன். எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

"ஐயா, நான்தான் அந்த மதினி. சவுக்காரத்த இழுத்தது நான். நடிச்சது நான், இவ இல்ல. எனக்கும் இப்ப அதே வலி வந்து ஆசுபத்திரிக்கு வந்திருக்கேன். சாட்சி வேணும்னீங்களாம், வந்திருக்கேன், கேளுங்க." இப்படித்தானே சொன்னீர்கள்? அத்தனை பேருக்கும் முன்னால்.

ஐயா "அம்மா, வெளியில இருங்கோ, பிறகு கதைப்பம்" என்று சொல்ல, நீங்கள் இருக்கவில்லை. "ஒரு நிமிசம் கைய மடக்குங்கய்யா" என்று அவருடைய முழங்கைக்குக் கீழேயே கம்பை வைத்துவிட்டீர்கள். அந்த மனிதரை இந்தக் கந்தோரில் யாரும் தொட்டது கிடையாது. கம்பு அவருடைய மேசையில் தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. பிறகு என் இடத்தில் வைத்தீர்கள். கம்பு சரிவாக நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். "இருபது படிவம் மட்டும் நீங்க இங்க உக்காந்து போடுங்கய்யா. நூறு கிராமும் இல்லாத சாமான்தானே" என்றீர்கள்.

அவர் ஏன் உட்கார்ந்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றதால் இருக்கும். பன்னிரண்டாவது படிவத்தில் தோளை உருட்டினார். பதினாறாவதில் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு உதறு உதறினார், யாருக்கும் தெரியாது என்று நினைத்து. நீங்கள் குனிந்து பார்த்து, "என்னங்கய்யா, கீழ விழுந்திருச்சா?" என்று கேட்டீர்கள். அதற்கு மேல் அவர் இருக்கவில்லை.

நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை பிரிண்டர் சுவரோரம் போயிருந்தது. வயர் காணும். என் நாற்காலியில் தடித்த மெத்தை, காலுக்கு ஒரு பலகைப் பெட்டி, மவுஸ் எழுத்துப் பலகையோடு ஒட்டி. என்னைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் முடிவு வரைக்கும் பார்ப்போம் என்றார். மன்னிப்பு என்ற பேச்சில்லை. "உதையெல்லாம் நாங்கள் முதலே யோசிச்சிருந்தனாங்கள்" என்றார். வெள்ளிக்கிழமை சுவரில் ஒரு அறிவித்தல்: பணியாளர்கள் மணிக்கட்டை நேராக வைத்துப் பணியாற்ற வேண்டும், கவனக்குறைவால் ஏற்படும் உபாதைகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது, இப்படிக்கு நிர்வாகம். என் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்த வசனம் மதினி, ஒரு எழுத்து மாறாமல். அதைத்தான் வெள்ளைக்காரர் நாட்டுக்கு என்று மடித்துத் தந்தவர். வாசித்துவிட்டு அரை மணி நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆனாலும் நேற்று நூற்றுத் தொண்ணூறு படிவம். வீட்டுக்குப் போய் நானே வெங்காயம் வெட்டினேன்.

உங்கள் கூடையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். றமீலா அதில் குப்பைக் காகிதம் போடுகிறாள். வருகிற மாதம் நான் கொண்டு வருகிறேன். காதுகுத்தன்று நான் பாதியில் மூடிய இலையை அன்றைக்கு முழுசாகப் போடுங்கள்.

வலது கைக்கு ஓய்வு கொடுங்கள், இடது கைக்குப் பழகுங்கள். உங்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று யாரும் கேட்கப் போவதில்லை. மெதுவாகப் பழகலாம்.

தயானி


மேல் டிவிசன்.
04.07.2004

தயானிக்கு,

ஆகஸ்டுன்னு படிச்சதும் பெரட்டுலயே கத்திட்டேன். கங்காணி என்ன நெனச்சாரோ, ரெண்டடி தள்ளி நின்னுகிட்டாரு.

நிர்வாகம் பொறுப்பாகாதாமா? ஒன் காகிதத்த வாங்கி, ஒன்னையே மெரட்ட செவுத்துல ஒட்டியிருக்காரு! அந்த அறிவித்தலுக்கு அடில "முழங்கை அளந்தது ரெங்கம்மா, மேல் டிவிசன்"னு நீ ஒரு வரி எழுதி வை. எழுத மாட்ட. ஒனக்கு ரொம்ப மரியாதை.

என் கோபம் அங்க மட்டும் இல்ல. ஒனக்கு மேசை சரியாச்சேன்னு தைரியம் வந்து, இராக்கம்மாவக் கூட்டிக்கிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். மட்டக் கம்பையும் எடுத்துட்டுப் போனேன், தேவப்படும்னு. டிஸ்பென்சர் ஐயா அவ வெரலப் பாத்தாரு, என் கம்பப் பாத்தாரு, எண்ணெயத் தடவினாரு. "வயசாச்சில்ல"ன்னாரு. அவளுக்கு நாப்பத்தாறு. எனக்கு என்ன வயசுன்னு கேட்டிருந்தா கம்பு பேசியிருக்கும். ஒனக்கு நாற்காலிய ஏத்தலாம் தயானி, பெட்டிய வைக்கலாம். மலைய எத வச்சு மட்டம் பண்றது? அதுக்கு நிர்வாகம் பொறுப்பாகாதுன்னு எந்தச் செவுத்துல எழுதி ஒட்டியிருக்குன்னு தெரியல. வந்து பேசிக்குவோம். நாட்டுக்கோழி ஒண்ணப் பாத்து வச்சிருக்கேன், அதுக்கும் எனக்கும் இப்பவே பேச்சுவார்த்த இல்ல.

நீ சொன்ன மாதிரி வெள்ளிக்கிழம மவுஸ இடது கைக்கு மாத்தினேன். கோழிக்குஞ்சு பிடிதான், மணிக்கட்டு நேருதான், எல்லாம் ஒன் காகிதப்படிதான். இடது கை இன்னும் பள்ளிக்கூடம் போகாத கை, சொன்ன எடத்துல நிக்காது. நாப்பது பேர் வரைக்கும் ஒழுங்காப் போச்சு. நாப்பத்தோராவது பேரு உங்கண்ணன் கணபதி. மொத கட்டத்துக்குப் போன கை வழுக்கி மூணாவது கட்டத்துல அமுக்கிருச்சு. நீதான எழுதின, தொட்டாப் போதும்னு.

மூணாவது கட்டத்த இங்கேருந்து அழிக்க முடியாதாம். பதுளைலேருந்து ஆள் வரணுமாம், செவ்வாக்கிழம வர்றாராம். அதுவரைக்கும் உங்கண்ணன் காலமாயிட்டாரு. பெரிய கிளாக்கர் ஐயா எழுந்து நின்னு எனக்கு அனுதாபம் சொன்னாரு. சாயங்காலம் வீட்டுல விசயத்தச் சொன்னேன். உங்கண்ணன் தட்டுல இருந்ததத் தின்னு முடிச்சாரு. அப்பறம் இன்னொரு ரொட்டி கேட்டாரு.

ரெங்கம்மா